கண்மாய் நிரம்பும் மாதத்தில்தான் நமக்குத் தேர்வு

போன வாரம் இரவு பத்து மணிக்குச் சித்தி மகள் போன் செய்தாள். எம்.எஸ்சி. புவியியல் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. "அக்கா, எலெக்டிவ் லிஸ்ட் குடுத்துட்டாங்க, நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணும், எதை எடுக்கட்டும்?" என்றாள். பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நீர்வளம், கரையோரப் புவியியல், நகரப் புவியியல், பேரிடர் மேலாண்மை, சுற்றுலா என்று நல்ல பட்டியல்தான். வகுப்பில் பாதிப் பேர் எந்த பேப்பரில் மார்க் சுலபமாக வரும் என்று சீனியர்களிடம் கேட்டு அதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்.

நான் திருப்பி ஒன்று கேட்டேன். "நாலாவது செமஸ்டர் ஆய்வேட்டுக்கு எந்த ஊர்ல போய் நிக்கணும்னு இருக்கு உனக்கு?"

"அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேக்கா."

இல்லை. இரண்டு வருடப் படிப்பில் வடகிழக்குப் பருவமழை இரண்டு முறைதான் வரும். முதல் செமஸ்டர் நடக்கும்போது ஒரு முறை, மூன்றாவது செமஸ்டர் நடக்கும்போது ஒரு முறை. ஆய்வேடு எழுதுகிற நாலாவது செமஸ்டர் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடும், அதில் அந்தப் பருவமழையே கிடையாது. தமிழ்நாட்டில் புவியியல் படிக்கிறவர்கள் முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான் என்று நான் நம்புகிறேன். கிரெடிட் கணக்கு அப்புறம்.

நான் இதைத் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். என் ஆய்வேடு மதுரைக்குக் கிழக்கே உள்ள ஒரு கண்மாய்ச் சங்கிலியைப் பற்றியது. ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் போனால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு என்று வரிசையாக இறங்கும் அமைப்பு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் இருப்பதாகச் சொல்வார்கள், தென் மாவட்டங்களில் பெரும்பாலானவை இப்படிச் சங்கிலியாகத்தான் இருக்கின்றன. எனக்கு அந்த விஷயத்தில் உண்மையான ஆசை இருந்தது. தலைப்புக்கு அனுமதி வந்தது ஜனவரி கடைசியில். மார்ச் முதல் வாரம் மீட்டர் டேப், ஜிபிஎஸ், கேள்வித்தாள் எல்லாவற்றோடும் போய் இறங்கினேன். கண்மாய்க்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரைமேல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் அந்த ஊரின் நீர்க்கட்டி, எந்த மடையை எந்த நாள் திறப்பது என்று பார்த்துக்கொள்கிறவர். என் கையில் இருந்த தாள்களைப் பார்த்துவிட்டு, "கார்த்திகையில வந்திருக்கணும் தாயி" என்றார்.

கார்த்திகை என்றால் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரைக்கும். அந்த மாதத்தில் நான் மூன்றாவது செமஸ்டர் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். லேண்ட்சாட் ஒரே இடத்தின் மேல் 16 நாளுக்கு ஒரு முறை வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான 92 நாளில் ஒரு செயற்கைக்கோளுக்கு ஐந்தாறு படம்தான் கிடைக்கும். அந்த ஐந்தாறிலும் மேகம். மழை பெய்கிற மாதத்தில் வானம் மூடித்தானே இருக்கும், அது எனக்குத் தெரியாத விஷயமில்லை, ஆனால் திட்டம் போடும்போது அதை யோசிக்கவில்லை. கடைசியில் ஜனவரிப் படம் ஒன்றை வைத்து நீர்ப்பரப்பை அளந்து எழுதினேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அமைதியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த வருஷம் கலிங்கில் எத்தனை நாள் மறுகால் போச்சு?" கலிங்கு என்பது நிரம்பிய கண்மாயின் மிகுதித் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கல் கட்டுமானம். கண்மாய்ச் சங்கிலியைப் பற்றிய ஆய்வில் அதைவிட முக்கியமான கேள்வி இல்லை. முதல் கண்மாய் எத்தனை நாள் வழிந்தது என்பதுதான் இரண்டாவது கண்மாயின் தலையெழுத்து. என்னிடம் பதில் இல்லை. மார்க் போட்டார்கள், தேர்ச்சி பெற்றேன், ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது.

அதனால் சித்தி மகளிடம் முதலில் ஒரு நாள்காட்டி வரையச் சொன்னேன். ஒரு நீளமான தாள், பன்னிரண்டு மாதம் குறுக்கே. மேல் வரியில் கல்லூரி: செமஸ்டர் தொடக்கம், இன்டர்னல், தேர்வு, விடுமுறை. அதற்குக் கீழே வானிலைத் துறையின் பருவங்கள்: ஜனவரி பிப்ரவரி குளிர்காலம், மார்ச் முதல் மே வரை கோடை, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. அதற்கும் கீழே வருவாய்த் துறையின் பசலி ஆண்டு, ஏனென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அடங்கல் என்கிற பயிர்ப் பதிவேடு பசலிக் கணக்கில்தான் இருக்கும், பசலி ஜூலை 1-இல் தொடங்கும். நிதித் திட்டங்களைப் பற்றிய தரவு ஏப்ரலில் தொடங்கும். நீர்வளத்துறை ஆட்கள் ஜூன் முதல் மே வரை நீர் ஆண்டு என்று வைத்துக்கொள்வார்கள். இத்தனை ஆண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கிடக்கின்றன, இதைக் கவனிக்காமல் ஜனவரி முதல் டிசம்பர் வரை மழையைக் கூட்டிப் பசலி ஆண்டின் நெல் பரப்போடு ஒப்பிட்டு, தொடர்பே இல்லை என்று முடிவு எழுதினால் எப்படி? டிசம்பரில் பெய்த மழைதான் பிப்ரவரியில் வயலில் நிற்கும் பயிருக்குத் தண்ணீர். நாள்காட்டி ஆண்டு அந்த இரண்டையும் நடுவில் வெட்டிவிடுகிறது.

தண்ணீர் மட்டும் இல்லை, எந்தத் தலைப்பை எடுத்தாலும் அதற்கென்று ஒரு காலம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இராமேசுவரத்திலோ தூத்துக்குடியிலோ மீனவர்களிடம் ஆய்வு செய்யப் போகிறவர் கோடை விடுமுறையில் போனால் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். படகுத் தொழிலாளர்களை வீட்டில் சந்தித்து நிதானமாகப் பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் மீன் வரத்தை எண்ண வேண்டுமென்றால் அதைவிட மோசமான நேரமும் கிடையாது. தலைப்பு எது என்பதைப் பொறுத்து அதே இரண்டு மாதம் வரமாகவோ வீணாகவோ ஆகிவிடுகிறது. மதுரை மல்லிகை மார்க்கெட்டும் அப்படித்தான். மார்கழிப் பனியில் பூ வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும், வெயில் ஏறினால் பூ கொட்டும். ஒரே மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்தச் சந்தை எத்தனை ஊர்களிலிருந்து பூ இழுக்கிறது என்று வரைபடம் போட்டால் அது அந்த மாதத்தின் வரைபடம்தானே தவிர அந்தச் சந்தையின் வரைபடம் ஆகாது.

வைகையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வெளியூரிலிருந்து வந்து படிக்கிற ஒருவர் சித்திரைத் திருவிழா நேரத்தில் மதுரையில் ஆற்றைப் பார்த்தால், கடுங்கோடையிலும் தண்ணீர் ஓடுகிறது என்று குறித்துக்கொள்வார். அது அழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர். அந்த அணைக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு மேற்கே கேரளத்துப் பக்கம் ஓட வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர், 1895-இல் முல்லைப்பெரியாறு அணை கட்டி மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. ஆக, தென்மேற்குப் பருவமழையில் மலைக்கு அந்தப் பக்கம் நிரம்பிய நீர், இந்தப் பக்கத்து மழைநிழல் பகுதியில் ஓடுகிறது. ஓட்டத்தின் அளவை மட்டும் பார்த்து மதுரையின் மழையோடு இணைத்து எழுதினால் முழு ஆய்வும் தப்பாகிவிடும். ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் யார் திறந்தார்கள், எதற்காகத் திறந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

சரி, எலெக்டிவுக்கு வருகிறேன். அவள் கண்மாயைத்தான் எடுக்கப் போகிறேன் என்றாள் (நான் எதுவும் சொல்லவில்லை, அவள் அப்பா வழி ஊர் சிவகங்கைப் பக்கம், சின்ன வயதிலிருந்து கரையில் விளையாடியவள்). அப்படியானால் முதல் எலெக்டிவ் நீர்வளம். இரண்டாவதாகப் பேரிடர் மேலாண்மையை விட மண்ணியலையோ வேளாண் புவியியலையோ எடு என்றேன். பேரிடர் நல்ல பேப்பர்தான், ஆனால் அவள் கண்மாயில் நின்றுகொண்டு கேட்கப் போகிற கேள்விகளுக்கு அது நேராக உதவாது. களிமண் எவ்வளவு, வண்டல் எவ்வளவு, தூர்வாரின மண் எந்த வயலுக்குப் போனது, இதற்கெல்லாம் மண்ணைப் பற்றித் தெரிய வேண்டும். ஒவ்வொரு பேப்பரிலும் கேட்கிற அசைன்மென்ட், செமினார் எல்லாவற்றையும் முடிந்தவரை அந்த ஒரே இடத்தை வைத்தே செய்யச் சொன்னேன். காலநிலையியல் செமினாரா, அந்த வட்டத்தின் முப்பது வருட மழை. மக்கள்தொகைப் புவியியல் அசைன்மென்டா, அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டுக் கிராமங்கள். (அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1, அதன் ஊர்வாரிப் பட்டியல் வெளிவரும் வரை 2011 கணக்கெடுப்பைத்தான் வைத்து ஓட்ட வேண்டும். அதனால் ஊரில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தானே நடந்து எண்ணச் சொல்லியிருக்கிறேன்.) இப்படிச் செய்தால் மூன்று செமஸ்டரில் பத்துப் பன்னிரண்டு சின்னக் கட்டுரைகள் ஒரே இடத்தைச் சுற்றிச் சேர்ந்துவிடும், நாலாவது செமஸ்டரில் வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

முதல் செமஸ்டரின் வரைபடவியல் பிராக்டிகலைப் பல பேர் ரெக்கார்டு நோட்டுக்காகச் செய்கிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் டோப்போஷீட் என்கிற நில வரைபடத் தாளைப் படிக்கத் தெரிவதுதான் நம் துறையின் கைத்தொழில். அந்தக் கைத்தொழிலின் தொடக்கமே நம் ஊரில்தான், 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையிலிருந்து அளக்கத் தொடங்கிய அடிக்கோடுதான் இந்தியாவின் பெரிய முக்கோண அளவைக்கு முதல் கோடு. இன்று இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மதுரை, சிவகங்கைப் பக்கத்துத் தாள்கள் எல்லாம் 58 என்ற எண்ணில் தொடங்கும். இந்த அளவையில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. 40 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு கண்மாய் தாளில் 1.6 சதுர செ.மீ. மட்டும்தான், ஒரு விரல்நுனிக்குள் மறைந்துவிடும். அந்த விரல்நுனிக்குள்தான் கரை, மடை, கலிங்கு, தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எல்லாம் இருக்கின்றன. எனவே தாளைப் படித்துவிட்டுக் கிராம வரைபடத்துக்கும், ஒவ்வொரு நிலத்தையும் தனியாகக் காட்டும் புல வரைபடத்துக்கும் இறங்க வேண்டும், அதற்கப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு கரையில் நடக்க வேண்டும். பழைய தாளில் இருக்கும் வரத்துக்கால் இன்று எங்கே போனது என்று தேடிக்கொண்டு நடந்தாலே பாதி ஆய்வு முடிந்துவிடும்.

புள்ளியியல் பேப்பரைப் பயப்படாமல் எடுக்க வேண்டும். கை-வர்க்கம், ஒட்டுறவு, தொடர்புப் போக்கு இவற்றையெல்லாம் புத்தகக் கணக்காகப் போட்டால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடும். தான் எடுத்த மழைத் தரவில் போட்டுப் பார்த்தால் மறக்காது. இங்கே ஒரு எச்சரிக்கை. வானிலைத் துறையின் கட்ட வடிவ மழைத் தரவு 1901-லிருந்து இருக்கிறது, அருமையான தரவு, ஆனால் ஒரு கட்டம் 0.25 பாகை, அதாவது நம் பகுதியில் ஏறத்தாழ 27 கி.மீ. பக்கமுள்ள சதுரம். அதற்குள் எத்தனையோ கண்மாய் இருக்கும். ஒரே மாலையில் ஒரு ஊரில் கொட்டி, அடுத்த ஊரில் தூசி பறக்கிற மழை நம்முடையது. மாவட்டத்தைப் பற்றி எழுத அந்தத் தரவு போதும், ஒரு கண்மாயைப் பற்றி எழுதப் பக்கத்து மழைமானியைத் தேடித்தான் போக வேண்டும்.

தொலையுணர்வும் (செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தைப் படிப்பது) ஜிஐஎஸ்ஸும் (கணினியில் வரைபடத் தரவைக் கையாள்வது) இப்போது எல்லாரும் ஓடிப் போய் எடுக்கிற பேப்பர்கள். எடுக்கட்டும், வேலை அதில்தான் இருக்கிறது, நானும் அதில்தான் சம்பாதிக்கிறேன். கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், லேண்ட்சாட் படங்கள் 2008-லிருந்து இலவசம், ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் ஐந்து நாளுக்கு ஒரு முறை 10 மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கிறது, இஸ்ரோவின் புவன் வரைபடத் தளம் இருக்கிறது, டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழி வகுப்புகளை இலவசமாக நடத்திச் சான்றிதழும் தருகிறது. நான் சொன்ன அதே 40 ஹெக்டேர் கண்மாய் லேண்ட்சாட்டில் 440 சொச்சம் பிக்சல் கட்டங்கள், சென்டினலில் 4,000 கட்டங்கள். மேகத்துக்குள்ளும் பார்க்கக்கூடிய ரேடார் படம் வேண்டுமானால் சென்டினல்-1. எனக்கு அன்று இதைச் சொல்ல ஆளில்லை, அதனால்தான் இவளிடம் மறக்காமல் சொன்னேன். ஆனால் படத்தை மட்டும் பார்த்து முடிவு எழுதாதே என்றும் சொன்னேன். கண்மாய்க்குள் பச்சையாகத் தெரிவது ஆகாயத்தாமரையாக இருக்கலாம், சீமைக் கருவேலமாக இருக்கலாம், தண்ணீர் வடிந்த பின் யாரோ போட்ட பயிராகவும் இருக்கலாம். மூன்றும் மூன்று வேறு கதைகள். கணினிக்கு மூன்றும் இலைதான். போய்ப் பார்த்த ஆளுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

கைடு விஷயத்தில் ஒன்று. நம் பிள்ளைகள் பேராசிரியரின் அறைக்கு முன்னால் நின்று தயங்கித் தயங்கியே ஒரு வருடத்தைப் போக்கிவிடுகிறார்கள். "சார், எனக்கு ஒரு தலைப்பு குடுங்க" என்று போனால் அவர் கையில் இருப்பதைக் கொடுப்பார், அது அவர் தப்பில்லை. ஒரு தாளில் இடம், கேள்வி, எந்த மாதம் எதை அளப்பேன் என்று மூன்று வரி எழுதிக்கொண்டு முதல் வருடமே போய் நின்றால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் களத்துக்குப் போக இரண்டு நாள் அனுமதி வேண்டும் என்று அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம். இன்டர்னல் தேதி தெரிந்ததும் நடுவில் விழும் சனி ஞாயிறுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். தீபாவளி விடுமுறை ஐப்பசியில் வருகிறது, அது நமக்கு அமைந்த களப்பணி வாரம் என்றே சொல்வேன், வீட்டில் திட்டினாலும் பரவாயில்லை.

துறையில் கூட்டிப் போகிற சுற்றுலாவும் ஒரு பேப்பராகவே இருக்கும். ஊட்டி, கொடைக்கானல், சில இடங்களில் வடநாடு வரை போவார்கள். அதை விட்டுவிடக் கூடாது, பத்து நாள் எல்லாரும் சேர்ந்து ஒரு நிலத்தைப் பார்ப்பதற்கு வாழ்க்கையில் இன்னொரு வாய்ப்பு வராது. மற்றபடி கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வைப் பற்றி இப்போதே மனப்பாடம் செய்யத் தொடங்க வேண்டாம் என்றுதான் அவளிடம் சொன்னேன். ஒவ்வொரு சந்தை ஊரும் தன்னைச் சுற்றி அறுகோண வடிவப் பரப்பிலிருந்து ஆட்களை இழுக்கும் என்கிற கிறிஸ்டாலரின் 1933-ஆம் வருட மைய இடக் கோட்பாட்டை அவள் திருப்புவனத்துச் சந்தையிலோ மானாமதுரைச் சந்தையிலோ நின்று ஒருமுறை யோசித்துப் பார்த்தால், யார் எந்த ஊரிலிருந்து எதை வாங்க வருகிறார்கள் என்று பத்துப் பேரிடம் கேட்டால், அந்த அறுகோணம் எங்கே பொருந்துகிறது, எங்கே உடைகிறது என்று தெரிந்துவிடும். அதற்கப்புறம் தேர்வில் எந்தப் பக்கம் சுற்றிக் கேட்டாலும் எழுதலாம்.

அன்றைக்குப் பேசி முடிக்கும்போது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஊருக்குப் போயிருக்கிறாள். காய்ந்த கண்மாய், கலிங்கின் கல் தூண் ஒன்றில் வெள்ளைப் பெயின்டால் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டிருக்கிறாள், தரையிலிருந்து தூணின் தலைவரை. பக்கத்து டீக்கடைக்காரரிடம் ஒரு நோட்டைக் கொடுத்திருக்கிறாளாம், தண்ணீர் ஏறத் தொடங்கியதும் தினமும் காலையில் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று எழுதி வைக்க. "கார்த்திகைல எனக்கு எக்ஸாம்க்கா, ஆனா அவரு கடை தொறந்துதான இருக்கும்" என்று கீழே எழுதியிருந்தாள்.